எட்டு விரல் கீபோர்டை எங்கே வைப்பது

எதை எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சட்டென்று கோபம் வரும். வீட்டில் கத்தரிக்கோல் அதன் ஆணியில் தொங்கவில்லையென்றால் அன்றைக்குக் காபியே எனக்குக் கசக்கும். "ஒரு கத்திரிக்கோலுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்பாள் என் மனைவி. கத்தரிக்கோல் அல்ல விஷயம். இருபது வருஷம் கம்ப்யூட்டர்களுக்குள் ஃபைல்களை இடம் பார்த்து வைத்தவன் நான். அதில் ஒரே ஒரு ஃபைலைத் தப்பான இடத்தில் வைத்தேன். தெரியாமல் வைக்கவில்லை. தெரிந்தே, பெருமையடித்துக்கொண்டே வைத்தேன். அதனால் ஒருவருடைய பிழைப்பு ஒரு காலைப்பொழுது முழுக்க அந்தரத்தில் தொங்கியது.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். அச்சகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம் அது. அதற்கென்று ஓர் அறையைக் கண்ணாடி போட்டு மறைத்து, ஏசி மாட்டி, காலணிகளை வெளியே விடச் சொல்லி எழுதி ஒட்டியிருந்தார் முதலாளி. அவரே அந்த அறைக்குள் வரும்போது சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் வருவார். பெரிய அதிகாரியைப் பார்க்கப் போகிறவர் போல் இருக்கும். நான் மட்டும் அதன் எதிரில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததால் எனக்கும் கொஞ்சம் அதிகாரி என்ற நினைப்பு வந்துவிட்டது.

அந்த மெஷினில் டாஸ் என்ற சிஸ்டம் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. சிஸ்டத்தோடு சேர்ந்து வந்த புரோகிராம்கள் எல்லாம் ஒரு ஃபோல்டரில் இருந்தன. நாங்கள் தனியாகப் போட்ட தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், எழுத்துருக்கள், பிரிண்டர் செட்டிங் எல்லாவற்றையும் நான் இன்னொரு ஃபோல்டரில் அழகாகப் பிரித்து வைத்திருந்தேன். சிஸ்டத்தின் சாமான் அங்கே, நம்முடைய சாமான் இங்கே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போது என் புத்தி சரியாகத்தான் இருந்தது.

அதைக் கெடுத்தவர் கூட வேலை பார்த்த ஓர் ஆபரேட்டர். ஒருநாள் டிஸ்கில் இடம் போதவில்லை. என்ன இருக்கிறது என்று பார்த்தார். சிஸ்டத்தின் ஃபோல்டரைக் கண்டதும் பயபக்தியோடு விலகிக்கொண்டார். பக்கத்திலிருந்த என் ஃபோல்டரை ஒரே கட்டளையில் அழித்துவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் குதித்தபோது, "அது சிஸ்டம் இல்லியே, நம்ம ஆளுங்க போட்டதுதானே" என்றார், ஏதோ நல்ல காரியம் செய்தவர் போல. திரும்பவும் எல்லாவற்றையும் ஃபிளாப்பி ஃபிளாப்பியாக ஏற்ற ஒரு வாரம் ஆனது.

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் நம்முடைய சாமான் எதுவானாலும் சிஸ்டத்தின் ஃபோல்டருக்குள்தான். அங்கே கைவைக்க இந்த ஊரில் ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. சிஸ்டத்தோடு வந்த ஃபைலையே திறந்து, அதிலேயே நமக்கு வேண்டியபடி திருத்தி, அதே பெயரில் அதே இடத்தில் வைத்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. இதை நான் ஒரு கொள்கையாகவே வைத்துக்கொண்டேன். பிறகு சேர்ந்த ஆபரேட்டர்களுக்கு முதல் நாளே இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு இருக்கும்.

அக்கா வந்து சேர்ந்தது அதற்கு நாலைந்து வருஷம் கழித்து. என் கூடப் பிறந்தவர் இல்லை, அச்சகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். திண்டிவனத்தில் வீடு. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். பாஸ் செய்தபோது பத்து விரல், எங்களிடம் வந்தபோது எட்டு. டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் விழுந்து, இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் நசுங்கியிருந்தன. ஆறிய பிறகும் அவை மடங்காமல் நீட்டிக்கொண்டே நின்றுவிட்டன.

வேலை கேட்டு வந்த அன்றைக்கு முதலாளி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையைப் புடவைத் தலைப்புக்குள் ஒளிக்கவில்லை. மேஜை மேல் எடுத்து வைத்தார்.

"ரெண்டு பேரு ரிட்டயர்டு ஆயிட்டாங்க சார். மீதி எட்டு பேரும் டூட்டியிலதான் இருக்காங்க" என்றார்.

முதலாளி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த இரண்டு விரல்களும் லேசுப்பட்டவை அல்ல. தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டில் முதல் பாடமே யளனக. அதில் ய இடது சுண்டு விரலுக்கு, ள மோதிர விரலுக்கு. அது போக ண, ற, ஞ என்று இன்னும் மூன்று முக்கியமான எழுத்துகளும் அந்த இரண்டு விரல்களின் பொறுப்பில்தான் இருந்தன. இந்த ஐந்தும் இல்லாமல் மணமகள் கிடையாது, கல்யாணமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரு சொல்லிலேயே மூன்று வந்துவிடும். எங்கள் அச்சகத்துக்கு வருவதில் பாதி கல்யாணப் பத்திரிகை. அக்கா ஒவ்வொரு ள-வுக்கும் இடது கையைத் தூக்கி நடுவிரலால் எட்டி அடித்துவிட்டு மறுபடி பழைய இடத்துக்கு வருவார். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கல்லாகிவிடும்.

நாங்கள் வைத்திருந்த டைப்பிங் சாஃப்ட்வேரில், எந்தக் கீயை அழுத்தினால் எந்த எழுத்து வரவேண்டும் என்பது ஒரு சின்ன ஃபைலில் வரிசையாக எழுதியிருக்கும். சாதாரண எழுத்துதான், யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம்.

"விரல் எழுத்துகிட்ட போக வேணாம்க்கா. எழுத்தை விரல்கிட்ட கொண்டாந்துடலாம்" என்றேன்.

முதலில் ள-வை வலது கைப்பக்கம் கொண்டு போனோம். மறுவாரம் ய. அப்புறம் ஏற்கெனவே அங்கே இருந்த எழுத்துகளுக்கு இடமில்லாமல் போய், அவற்றை வேறு இடத்துக்குத் தள்ளினோம். பஸ் சீட்டில் இடம் கேட்பது போல அக்கா கேட்பார்: "தம்பி, இந்த ற கொஞ்சம் ஒதுங்கி உக்காந்தா தேவலாம்." நான் ஃபைலைத் திறந்து ஒரு வரியை மாற்றுவேன். இப்படி இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று வருஷக்கணக்கில் நடந்தது. முப்பது எழுத்துகளாவது வீடு மாறியிருக்கும். எந்த நிலையிலும் அதை நாங்கள் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கடைசியில் அக்காவின் வேகத்துக்கு அச்சகத்தில் இணை இல்லாமல் போனது. மரக்காணத்துக்காரர்களின் கல்யாணம், கெடார் பக்கத்துக் காதுகுத்து, கோட்டக்குப்பத்து நிக்காஹ், எதுவானாலும் எட்டு விரலில் மழை மாதிரி கொட்டும். வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடித்தால் வாயில் நுழையாத ஏதோ ஒரு பாஷை வரும். ஒருமுறை முதலாளியே உட்கார்ந்து தன் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, என்னைத் திட்டுதா?" என்று கேட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்தோம். திங்கள், செவ்வாய், புதன் அக்கா விழுப்புரத்துக்கு ரயிலில் வருவார். மற்ற நாள்களில் திண்டிவனம் கிளை. நான் இரண்டு ஊருக்கும் பொதுவாக, மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவனாக மாறியிருந்தேன். பிறகு எனக்கு லினக்ஸ் என்ற புது சிஸ்டத்தின் மேல் மோகம் வந்தது. முதலாளியிடம் பேசிப் பேசி எல்லா மெஷின்களையும் அதற்கு மாற்றினேன். பழைய மெஷின்கள் எடைக்குப் போயின.

லினக்ஸில் எனக்குப் பிடித்ததே, எது எங்கே இருக்கவேண்டும் என்பதற்கு அங்கே ஒழுங்கு இருந்ததுதான். சிஸ்டத்தோடு சேர்ந்து வருகிற புரோகிராம்கள், கீபோர்டு ஃபைல்கள், சீட்டாட்டம் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய இடம். மெஷின் முழுமைக்குமான செட்டிங்குக்கு இன்னொரு இடம். உட்கார்ந்து வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு ஹோம் ஃபோல்டர். சிஸ்டத்தின் ஃபைல் ஒன்றும் உங்களுடைய ஃபைல் ஒன்றும் ஒரே பெயரில் இருந்தால், ஹோம் ஃபோல்டரில் இருக்கும் உங்களுடையதைத்தான் சிஸ்டம் முதலில் எடுக்கும். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு. இதையெல்லாம் படித்துத் தலையாட்டிவிட்டு, அக்காவின் கீபோர்டை மட்டும் என் பழைய கொள்கைப்படி சிஸ்டத்தின் ஃபோல்டரிலேயே, சிஸ்டத்தின் கீபோர்டு ஃபைல் மேலேயே எழுதி வைத்தேன்.

அக்காவுக்குக் கம்ப்யூட்டரின் உள்விவகாரம் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எம் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்குதே தம்பி, அதுல வெக்கக் கூடாதா?"

"அது வேணாம்க்கா. அங்க வெச்சா யாராவது அழிச்சிடுவாங்க. சிஸ்டம் ஃபோல்டர்னா ஒருத்தன் கை வெக்க மாட்டான்."

"வாடகை வீட்டுல ஓனரோட பீரோவுக்குள்ள யாராவது நம்ம துணிய வெப்பாங்களா? ஒருநாளு அவரு பீரோவ மாத்துனாருன்னா நம்ம துணியும்ல போவும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டாஸ் காலத்திலிருந்து நான் பார்க்காததா என்று ஆரம்பித்து, என் சொற்பொழிவை முழுசாக நடத்தினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, உனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

எனக்குத் தெரியாமல் போன விஷயம் ஒன்றே ஒன்று. சிஸ்டத்தின் ஃபோல்டரில் மனிதர்கள் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் சிஸ்டம் வைக்கும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. லினக்ஸின் புது வெர்ஷன் வந்திருந்தது. கையில் சிடியை வைத்துக்கொண்டு அடுத்த நாள் வரை பொறுக்க எனக்குப் பொறுமை இல்லை. காலையில் திண்டிவனம் கிளையைத் திறந்து அப்கிரேடு செய்தேன். அருமையாக முடிந்தது. அந்தக் குஷியில் பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, மத்தியானம் அங்கேயும் செய்தேன். முன்னெச்சரிக்கையாக எல்லோருடைய ஹோம் ஃபோல்டரையும் சிடியில் காப்பி எடுத்தேன், அக்காவுடையதை இரண்டு சிடியில். அதில் அக்காவின் எல்லாமும் இருந்தது, கீபோர்டைத் தவிர. புது வெர்ஷன் தன் வழக்கப்படி தன் ஃபோல்டரில் இருந்த பழைய கீபோர்டு ஃபைலை எடுத்துப் போட்டுவிட்டுத் தன்னுடைய புது ஃபைலை வைத்தது. அதன் வீடு, அதன் பீரோ. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஊரிலும் ஒரே முட்டாள்தனத்தைச் செய்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கச் சொல்லிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை மரக்காணத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, கூட அவர் மச்சான். மறுநாள் காலை ஊர்க் கோயிலில் முதல் பத்திரிகையை வைத்துப் படைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் பிரிந்து போய் ஊர் ஊராகக் கொடுக்கப் போகிறார்கள். அதனால் அன்று சாயங்காலமே கட்டு கையில் வேண்டும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய காகிதத்தில் வாசகத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அதை அக்காதான் அடிக்கவேண்டும் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மூத்த பெண்ணின் பத்திரிகையும் அக்கா அடித்ததுதானாம்.

அக்கா ரயிலிலிருந்து இறங்கி வந்து, காகிதத்தைத் தாங்கியில் செருகி, ஒரு பத்தியை அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். மணமகள் இருக்கவேண்டிய இடத்தில் உளறல் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அதே உளறல்.

"தம்பி, இன்னா பண்ண?" என்றார்.

நான் ஓடிப்போய் ஃபைலைத் திறந்து பார்த்தேன். யளனக என்று சமர்த்தாக இருந்தது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சுவரில் மாட்டிய படம் போல. திண்டிவனத்துக்கு போன் செய்யலாம் என்று எடுத்த பிறகுதான், அங்கேயும் நேற்று என் கையாலேயே துடைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

முதலாளி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் கல்யாண வீட்டார் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"திண்டிவனத்துல ஒரு பொண்ணு வேலை கேட்டுக்கினு வந்துச்சு. ஸ்டாண்டர்டு கீபோர்டுல நல்லா அடிக்குது. இன்னிக்கு ஒரு நாளு வரச் சொல்லட்டுமா? ஜல்தியா ஒரு முடிவு சொல்லு" என்றார் என்னிடம்.

ஒரு நாள் என்றுதான் சொன்னார். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அடிக்கிற ஆள் ஒருமுறை வந்துவிட்டால், ஒரே ஒரு ஃபைலை நம்பி இருக்கிற ஆளுக்கு எத்தனை நாள் வேலை இருக்கும் என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. யாரோ அழித்துவிடுவார்கள் என்று பத்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். அழித்தது நான்.

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன்.

அவர் போன பிறகு ஒரு காகிதத்தில் கீபோர்டு படம் போட்டுக்கொண்டு அக்காவிடம் உட்கார்ந்தேன்.

"ற எங்க இருந்துச்சுக்கா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் எங்க அதையெல்லாம் பாத்தேன்?"

"சும்மா ஒரு தடவ ற அடிங்க."

அக்கா கையைக் கீபோர்டு மேல் வைத்தார். விரல் அந்தரத்தில் நின்றது. இங்கேயா அங்கேயா என்று தடுமாறி, பிறகு கீழே இறங்கிவிட்டது. ய, ண, ஞ எதைக் கேட்டாலும் அப்படித்தான். கீபோர்டின் மேல் அச்சடித்திருந்தது இங்கிலீஷ் எழுத்து, அதிலும் துப்பு கிடைக்காது. என் நினைவிலிருந்து ஒரு ஆறேழு எழுத்தைத் தேற்றினேன். அதற்கு மேல் எனக்கும் ஓடவில்லை.

"அம்பது வயசு ஆவப் போவுது. இன்னொரு கீபோர்டு பழகுற தெம்பு எனக்கு இல்ல தம்பி" என்றார் அக்கா. எப்போதும் சிரித்துப் பேசுகிறவரின் குரல் அப்படி இறங்கிப் போய் நான் கேட்டதே இல்லை. என் மேல் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் மஞ்சள் தடவிய காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்து, சும்மா வாசிக்க ஆரம்பித்தார். உதடு அசையவில்லை. ஆனால் மேஜை விளிம்பில் இருந்த விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. முதலில் படபடப்பு என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அந்த விரல்கள் வரிசை தப்பாமல், மேல் கீழ் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

தனி எழுத்தாகக் கேட்டால் தெரியாது. வார்த்தையாக வந்தால் கைக்குத் தெரியும். அவ்வளவுதான் சங்கதி.

கீபோர்டை இங்கிலீஷுக்கு மாற்றினேன். இப்போது எந்தக் கீயை அழுத்துகிறார் என்பது இங்கிலீஷ் எழுத்தாகத் திரையில் விழும். ஆனால் திரையில் இங்கிலீஷைப் பார்த்தால் அக்காவின் கை நின்றுவிடும். திரையை மூடத் துணி தேடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா, என்ன ஏதென்று கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அதை மானிட்டர் மேல் போர்த்தினேன்.

"திரையப் பத்தி நெனைக்காதீங்கக்கா. காயிதத்தப் பாத்து எப்பவும் போல அடிங்க."

அக்கா அடித்தார். நிகழும் மங்களகரமான என்று தொடங்கியதும் விரல்கள் பழைய வேகத்துக்குப் போய்விட்டன. ஒரு பக்கம் முழுவதும் நிற்காமல் கொட்டினார். துண்டை விலக்கிப் பார்த்தேன். மணமகள் என்று இருக்கவேண்டிய இடம் கே, கமா, கே, எஃப் என்று தொடங்கியது. ம எப்போதும் கே-யில்தான், க எப்போதும் எஃப்-பில்தான். அப்படியானால் நடுவில் இருக்கும் கமா என்ன?

"ண கெடச்சிருச்சு!" என்று நான் கத்திய கத்தலில் முதலாளி மறுபடி உள்ளே வந்துவிட்டார், இந்த முறை பொத்தானைப் போடாமல்.

அதற்குப் பிறகு அது வேலையாகவே இல்லை, விளையாட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரே வீச்சில் ஞ, ய, ற மூன்றையும் கொடுத்தது. திருவளர்ச்செல்வி ள-வை உறுதி செய்தாள். ஹ, ஜ, ஷ, ஸ நாலுக்கும் கோட்டக்குப்பத்துப் பழைய நிக்காஹ் பத்திரிகை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெண்ணின் அப்பாவும் மச்சானும் கண்ணாடிக்கு வெளியே இருந்து ஊர்ப் பெயர்களாக எடுத்துக் கொடுத்தார்கள். வானூர், கெடார், திண்டிவனம், விழுப்புரம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அக்கா துண்டு போர்த்திய திரைக்கு எதிரில் சிரித்துக்கொண்டே அடித்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஔ ஒன்றைத் தவிர எல்லா எழுத்தும் வந்து சேர்ந்துவிட்டது. ஔ வருகிற மாதிரி எங்கள் அச்சகத்தில் யாரும் கல்யாணம் செய்துகொண்டதில்லை.

ஃபைலை எழுதி முடித்தேன். சேமிக்கும்போது எங்கே வைப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் அவருடைய ஹோம் ஃபோல்டரைக் காட்டி வைத்தேன்.

"ம்" என்றார் அக்கா. அந்த ஒரு ம்-மில் என் பத்து வருஷச் சொற்பொழிவும் அடங்கிப் போனது.

மணமகள் என்று அடித்தார். மணமகள் என்று வந்தது. சாயங்காலம் மரக்காணம் பஸ்ஸில் கட்டு ஏறியது. துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து, நான் பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். திண்டிவனத்துப் பெண்ணைப் பற்றி முதலாளி அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை. எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி அனுப்பினார்.

ஆனால் அக்கா என்னை அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்கே புறப்பட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார்.

"எங் கண்ணு முன்னாடி அந்த சிடிய மறுபடி போடு. அது இன்னா பண்ணுதுன்னு நான் பாக்கணும்."

"அதான் ஹோம் ஃபோல்டர்ல வெச்சாச்சேக்கா."

"பேஜாரு பண்ணாத. போடு."

போட்டேன். சிஸ்டம் தன் ஃபோல்டரில் இருந்ததையெல்லாம் புரட்டிப் போட்டுப் புதிதாக அடுக்கியது. சீட்டாட்டத்தைக்கூட எடுத்துவிட்டு மறுபடி வைத்தது. முடிந்ததும் அக்கா உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை என்று அடித்தார். ஒரு புள்ளி பிசகாமல் வந்தது. அதற்குப் பிறகுதான் என்னை மன்னித்தார். அன்றைக்கே ஒரு அட்டையில் சிஸ்டத்தோடு வந்தது சிஸ்டத்தின் இடத்தில், நாம் போட்டது நம் இடத்தில் என்று எழுதி மெஷின் மேல் ஒட்டினேன். எழுத்தில் அடக்கம் தெரியவேண்டும் என்று சின்னதாக எழுதினேன்.

சில வருஷம் கழித்து அக்கா திண்டிவனத்திலேயே சொந்தமாக ஒரு டைப்பிங் கடை வைத்தார். போகும்போது தன் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போனார். ஒருநாள் அங்கிருந்து போன்.

"தம்பி, புது மெஷின் வாங்கினேன். எல்லாத்தையும் நானே போட்டுட்டேன். ஒண்ணுதான் கேக்கணும். க்யூ இருக்குற எடத்துல ஔ வருது. அது இன்னா?"

அந்தக் கீ இடது சுண்டு விரலுடையது. காலியாகக் கிடந்ததால் ஔ-வை நான்தான் அங்கே குடிவைத்திருந்தேன். சொன்னேன்.

"ரிட்டயர்டு ஆன ஆளுக்கு எதுக்குய்யா வேலை குடுத்த?" என்று சிரித்தார். பிறகு, "நீ இன்னும் அதுலதான் அடிச்சிக்கினு இருக்கியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன், அக்காவுக்குச் சொல்லாமல். சிடி போனாலும், மெஷின் போனாலும், இரண்டு ஊரும் சேர்ந்து போனாலும் அந்தக் கீபோர்டு இன்னொரு இடத்தில் பத்திரமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். மதிய இடைவேளைகளில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பழகினேன். ஆறு மாதம் ஆனது. ஒருநாள் அக்கா டிபன் பாக்ஸ் கழுவிவிட்டு வந்து பார்த்துவிட்டு வெளியே போய், நான் அடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றிருந்தார்.

இன்றைக்கு வேறு எந்தக் கீபோர்டிலும் என்னால் தமிழ் அடிக்க முடியாது. இதை அடித்துக்கொண்டிருப்பதும் அதில்தான். என் இடது கையில் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் ஒரு குறையும் இல்லை, நன்றாக மடங்கும். இருந்தாலும் இரண்டும் வேலையில்லாமல் நீட்டிக்கொண்டேதான் நிற்கின்றன.